ஏலும் டீச்சரின் முழுக் கச்சேரி

மட்டக்களப்பு வாவியின் இரண்டு கரையிலும் சேர்த்துத் தேடினாலும், ‘ஏலாது’ என்ற சொல்லை வாயில் வைக்காத மனிதப் பிறவி ஒன்றே ஒன்றுதான் உண்டு. அவர் எங்கள் ஏலும் டீச்சர். மற்ற ஊர்களில் ‘முடியும்’ என்பதை நாங்கள் ‘ஏலும்’ என்போம். அதையும் கொஞ்சம் யோசித்து, தலையைச் சொறிந்து, இரண்டு மூன்று நிபந்தனை போட்ட பிறகுதான் சொல்வோம். டீச்சர் அப்படியல்ல. கேட்கிறவர் கேள்வியை முடிக்கும் முன்பே சொல்லிவிடுவார். ஒருமுறை யாரோ போனில், “டீச்சர், வாற வெள்ளிக்கிழமை உங்கட பக்கம்...” என்று தொடங்கியதுமே “ஏலும்” என்று சொல்லி வைத்துவிட்டார். என்ன ஏலும், எங்கே ஏலும் என்று தெரியாமல் ஒரு கிழமை தவித்தோம். கடைசியில் பார்த்தால், வெள்ளிக்கிழமை எங்கள் பக்கம் கரண்ட் இருக்காது என்று அறிவிக்க எடுத்த போனாம் அது.

டீச்சர் முறையாகச் சங்கீதம் படித்த பாடகி. பள்ளிக்கூடத்தில் சங்கீத ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு என்பது சம்பளத்துக்கு மட்டும்தான். வீட்டு விறாந்தையில் குரற்பயிற்சி வகுப்பு, வெளியில் பாட்டு, வழியில் யாரைக் கண்டாலும் அவர்கள் தொண்டைக்கு வைத்தியம் என்று முன்பைவிட அதிகமாக ஓடிக்கொண்டிருந்தார்.

நான் வாகரைப் பக்கத்தவன். கடற்காற்றுக்கு மேலால் கத்திப் பேசி வளர்ந்தவன். வேலை மாற்றலாகி டவுனுக்கு வந்தபோது கந்தோருக்கு, அதாவது அலுவலகத்துக்கு, கிட்ட இருக்கிறதே என்று டீச்சர் வீட்டில் ஓர் அறை எடுத்தேன். வந்து இறங்கிய அன்றே, என்னை ஊரெல்லாம் சுற்றிக்காட்டி அழைத்து வந்த ஓட்டோக்காரரோடு வாசலில் ஒரு வாக்குவாதம். டீச்சர் வெளியே வந்து இடுப்பில் கைவைத்து நின்று சற்று நேரம் கேட்டார்.

“மனே, சண்ட நல்லாத்தான் போகுது. ஆனா நீ தொண்டையால பிடிக்கிறாய். வயித்தால பிடி.”

“ஓம் டீச்சர், நானும் அதத்தான் நினைச்சன்” என்றார் ஓட்டோக்காரர். அவரும் டீச்சரின் மாணவராம். அவர் குரல் ஏன் அவ்வளவு கணீரென்று இருந்தது, நான் ஏன் அந்தச் சண்டையில் தோற்றேன் என்பதெல்லாம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அடுத்த நாள் காலையில் நான் விறாந்தையில் மல்லாந்து கிடந்தேன். என் வயிற்றின் மேல் ஒரு தேங்காய்.

“மூச்சு எடுக்கக்குள்ள தேங்கா எழும்பணும். பாடக்குள்ள மெல்ல இறங்கணும். உருளக்குடா” என்றார் டீச்சர்.

“டீச்சர், எனக்குப் பாட்டு வராது.”

“பாட்ட ஆரு கேட்ட? மூச்சு வருமா?”

“வரும்.”

“அப்ப ஏலும்.”

என் தேங்காய் ஒருநாளும் ஒழுங்காக எழும்பவில்லை. ‘ச’ என்று தொடங்குவேன், அது உருண்டு படிக்கட்டால் இறங்கி வாசல் கேற்றடிக்குப் போய்விடும். டீச்சர் கோபிக்க மாட்டார். போய் எடுத்து வந்து, திரும்ப வைத்து, “மறுகா” என்பார். இன்னொரு முறை என்று அர்த்தம். வகுப்பு முடிந்ததும் அந்தத் தேங்காய் சம்பலாகும். நன்றாகப் பாடுகிற மாணவர்களின் தேங்காய் பல நாள் உழைக்கும், என் தேங்காய்கள் உடனுக்குடன் உடைந்துவிடும். அந்த வீட்டில் சம்பலுக்குக் குறைவில்லாமல் இருந்ததற்கு நான்தான் காரணம் என்பதை அடக்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

வகுப்புக்கு வந்தவர்கள் எல்லோரும் பாடகர் ஆக வந்தவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். மோட்டார் சைக்கிளில் மீன் விற்கிற ஒருவர் வருவார். கூவிக் கூவித் தொண்டை கட்டிப்போய்க் காற்று மட்டும் வருகிற நிலையில் வந்தவர். அவருடைய குரலுக்குப் பொருத்தமான சுருதி எது என்று பார்த்து, அதில் நின்று கூவப் பழக்கினார் டீச்சர். பழக்கியவர் அத்தோடு விட்டாரா? இல்லை. மோகனத்தில் கூவினால் றால், ஹிந்தோளத்தில் கூவினால் கொடுவா என்று மீனுக்கு மீன் ராகம் பிரித்துக் கொடுத்தார். எங்கள் ஒழுங்கைப் பெண்கள் அடுப்படியில் இருந்தபடியே, “இண்டைக்கு றால் இல்லகா, வேற ராகம் கேக்குது” என்று பேசிக்கொள்வார்கள். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்த ஒருவரும் தேங்காய் வைத்துப் படுத்தார். அவர் பாடம் நடத்தும்போது கடைசி வாங்கில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் விழித்துக்கொண்டதாகவும், அது பற்றி அவர்கள் முறைப்பாடு செய்ததாகவும் கேள்வி.

டீச்சர் பாடாத இடம் இல்லை. தன்னாமுனையில் தேவாலயப் பாடகர் குழுவுக்குப் பழக்கினார். அந்தக் குழு பாடிய துதிப்பாட்டில் எங்கேயோ ஒரு தோடி வாசனை அடித்ததாகச் சொல்வார்கள், பங்குத்தந்தைக்கு மட்டும் அது தெரியாது. கூத்துக்குப் பின்பாட்டு, கல்யாணத்துக்கு ஊஞ்சல் பாட்டு, கடைத் திறப்பு விழாவுக்கு வாழ்த்துப்பா, எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான்.

டவுனில், போர்த்துக்கீசர் வழிவந்த ஒரு பறங்கியர் வீட்டுக் கல்யாணம். பாட வேண்டியவருக்குக் காய்ச்சல். மாப்பிள்ளையின் பெரியப்பா ஓடிவந்தார்.

“டீச்சர், வோல்ட்ஸ் ஒண்டு பாட ஏலுமா? சோடி ஆடணும்.”

“ஏலும். அது எத்தின தட்டு?”

“மூணு.”

“திஸ்ரம்தானே” என்று சேலையை மாற்றப் போய்விட்டார். வோல்ட்ஸ் என்றால் என்ன என்று வழியில் என்னிடம் கேட்டார். எனக்கு மட்டும் தெரியுமா? வெள்ளைக்காரரின் சோடி நடனம் அது என்று பிறகுதான் அறிந்தேன். மண்டபத்தில் போய் நின்று, சங்கராபரணத்தில் ஸ்வரங்களை மூன்று மூன்றாகப் பிரித்துப் பாட ஆரம்பித்தார். அங்கே பிடில் வைத்திருந்த கிழவர் ஒரு நிமிடம் காதைக் கொடுத்துவிட்டு, சிரித்துக்கொண்டு கூடவே வாசித்தார். பெண்ணும் மாப்பிள்ளையும் சுழன்று சுழன்று ஆடினார்கள். மாப்பிள்ளையின் அம்மம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, இந்தப் பாட்டைத் தன் சின்ன வயதில் கேட்டிருப்பதாக எல்லோரிடமும் சொன்னார். டீச்சர் அதையும் மறுக்கவில்லை.

இப்படி எல்லாம் ஏலும் என்றதில்தான் ஒரு வில்லங்கம் இருந்தது. எல்லாவற்றுக்கும் கூப்பிட்டார்களே தவிர, ஒரு முழுக் கச்சேரிக்கு அவரை ஒருவரும் கூப்பிடவில்லை. எந்த விழா அழைப்பிதழிலும் அவர் ‘இறைவணக்கம்’ என்ற வரியில்தான் இருப்பார். இல்லாவிட்டால் பிரதம அதிதி வந்து சேரும் வரை சனத்தை இருத்தி வைக்கப் பாடுவார். ஒரு ராகத்தை விரித்து அது மலர்ந்து வருகிற நேரம் பார்த்து வாசலில் கார் வந்து நிற்கும். அறிவிப்பாளர் ஓடிவந்து மைக்கைப் பிடுங்குவார். டீச்சர் அந்த ராகத்தை அந்தரத்தில் விட்டுவிட்டு இறங்குவார். எத்தனை ராகங்கள் இப்படி நடுவழியில் நிற்கின்றனவோ தெரியாது. முழுக் கச்சேரி என்றால் வெளியூரிலிருந்து ஆள் கூப்பிடுவதுதான் எங்கள் ஊர் வழக்கம்.

ஒருநாள் என் தேங்காயைத் துருவிக்கொண்டிருந்தபோது அவரே அதைச் சொன்னார்.

“நான் உப்பு மாதிரி மனே. எல்லாக் கறிக்கும் போடுறாங்க. உப்ப மட்டும் ஆரு சமைக்கிற?”

“உங்களுக்கு என்ன டீச்சர் வேணும்?”

“மூணு மணித்தியாலம். வர்ணத்தில தொடங்கி மங்களத்தில முடிக்கணும். நடுவில ஒருத்தரும் கார்ல வரக்குடா.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குரல் நல்ல நிலையில் இருக்கும்போதே அது நடக்க வேண்டும் என்று அன்றிலிருந்து எனக்கும் ஓர் ஆசை ஒட்டிக்கொண்டது.

அந்த வாய்ப்பு மண்டூர்ப் பக்கத்திலிருந்து வந்தது. அங்கே ஒரு வாசிகசாலையின் ஆண்டு விழா. செயலாளர், டீச்சரிடம் முன்பு படித்தவர். எதிலும் பயந்த சுபாவம். அவர் எப்படியோ துணிந்து, ‘மாபெரும் இசைக் கச்சேரி’ என்று டீச்சரின் பெயரை அழைப்பிதழில் பெரிய எழுத்தில் போட்டுவிட்டார். பிற்பகல் மூன்று மணிக்குத் தொடக்கம். பொழுது பட்டால் வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்குள், யானை இறங்கிவிடும் என்பதால் அந்தப் பக்கத்து விழாக்கள் எல்லாம் வெயிலோடேயே முடியும்.

மிருதங்கத்துக்கு எங்கள் டவுன்காரர் இருந்தார். வயலினுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தம்பி, காரில் வருவதாக ஏற்பாடு. அவருக்கு வழி சொன்னது டீச்சர்தான். நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

“குருமண்வெளிக்கு வாங்க தம்பி. அங்க பாதை வரும். ஏறி வந்தா அந்தப் பக்கம் மண்டூர்.”

எங்கள் காதுக்கு இதில் ஒரு குற்றமும் இல்லை. வாவியின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு போகிற தட்டையான மிதவைக்கு எங்கள் பக்கத்தில் பெயரே ‘பாதை’தான். யாழ்ப்பாணத்தார் காதில் அது எப்படி விழும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவேயில்லை.

கச்சேரி நாளன்று நாங்கள் வெள்ளனவே, நேரத்தோடே, போய்ச் சேர்ந்துவிட்டோம். மூன்று மணிக்குக் கிட்ட, மேடைக்குப் பின்னால் டீச்சரின் போன் அடித்தது. அவர் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்.

“ரீச்சர், குருமண்வெளிக்கு வந்திட்டன். பாதையைக் காணேல்லை. இஞ்சை தண்ணிதான் கிடக்கு.”

“அப்ப சரியான இடத்துக்குத்தான் வந்திரிக்கிறீங்க. பாதை எங்க?”

“அதைத்தான் நான் கேக்கிறன்.”

“பாதை அந்தால போயிரிக்கும் தம்பி. நில்லுங்க, மறுகா வரும்.”



“பாதை எப்பிடி ரீச்சர் வரும்?”

“எஞ்சின் போட்டிரிக்கு.”

பாவம் அந்தத் தம்பி. அதற்கு முன்பே, ஏறி வரச் சொன்னார்களே என்று ஏற்றமான ஒரு தெருவைத் தேடி, அந்தத் தட்டை நிலத்தில் காரோடு மேலும் கீழும் அலைந்திருக்கிறார். கரையில் நின்ற ஒருவரிடம் வழி கேட்டதற்கு, அவர் தண்ணீரைக் காட்டி, “அந்தா போகுது பாதை” என்றிருக்கிறார். தண்ணீருக்குள்ளால்தான் வழி போகிறது, ஆழம் இருக்காது என்று நினைத்து, காரைக் கரையில் விட்டு, காற்சட்டையை முழங்கால் வரை மடித்து, வயலினைத் தலையில் வைத்துக்கொண்டு வாவிக்குள் இறங்கிவிட்டார். மீன்பிடிக்காரர்கள் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக் கரையேற்றியிருக்கிறார்கள்.

இங்கே செயலாளருக்கு வியர்த்துக்கொட்டியது.

“டீச்சர், வயலினும் வரல்ல. பிரதம அதிதி நாலு மணிக்கு வாறாராம். ஆனை இறங்க முந்தி சனம் வீட்ட போகணும். ஒள்ளுப்பம் சுருக்கி, அரை மணித்தியாலத்தில முடிக்க ஏலுமா?”

இத்தனை வருட ஆசை, பெரிய எழுத்தில் போட்ட பெயர், எல்லாம் மீண்டும் இறைவணக்கமாகச் சுருங்கப் போகிறது. இன்றைக்காவது ஏலாது என்று சொல்லுங்கள் டீச்சர் என்று மனதுக்குள் மன்றாடினேன்.

“ஏலும்” என்றார் டீச்சர்.

செயலாளர் உயிர் வந்தவராக ஓடினார். டீச்சர் மேடையேறினார். வயலின் இல்லாமலே வர்ணத்தைத் தொடங்கினார். நான் சுருதிப்பெட்டியோடு பின்னால் உட்கார்ந்திருந்தேன். அந்த வர்ணத்தில் ஓர் அவசரமும் இல்லை என்பதை முதலில் கவனித்தவன் நான்தான். அடுத்த உருப்படி அதைவிட ஆறுதலாக, நிதானமாகப் போனது. அரை மணித்தியாலம் வந்தது, கடந்தும் போனது. செயலாளர் மேடை ஓரத்தில் நின்று கைக்கடிகாரத்தைக் காட்டினார். டீச்சர் புன்னகைத்துத் தலையாட்டினார். கடைசியில் செயலாளர் ஒரு பாட்டு முடிந்த இடைவெளியில் குனிந்து மேடைக்கே வந்துவிட்டார்.

“டீச்சர், அரை மணித்தியாலத்தில முடிக்க ஏலும் எண்டு சொன்னீங்களே.”

“ஓம் தம்பி, ஏலும். ஏலுமா எண்டுதான் நீங்க கேட்டீங்க. முடிக்கிறன் எண்டு நான் சொல்லல்லயே.”

மைக் திறந்து கிடந்தது. முழுச் சனமும் கேட்டுச் சிரித்தது. செயலாளரும் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இறங்கிப் போய் ஒரு கதிரையில் உட்கார்ந்தார்.

நாலு மணிக்குக் கார் வந்தது. அரசியல்வாதியான பிரதம அதிதி கையில் தடித்த உரையோடு இறங்கினார். அறிவிப்பாளர் பழக்க தோஷத்தில் மேடைப் பக்கம் ஓடினார். டீச்சர் பாடியபடியே அவரைப் பார்த்து, கையால் முன்வரிசையைக் காட்டினார், கூட்டிப் போய் இருத்து என்பது போல. அவரும் அப்படியே செய்தார். அந்தப் பக்கத்தில் பாட்டு நிற்காமல் கார் மட்டும் வந்து நின்றது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு வயலின் தம்பி வந்தார். நடக்கும்போது நனைந்த சப்பாத்து சளக் சளக் என்றது. நேரே மேடையில் உட்கார்ந்து, சுருதி சேர்த்து, டீச்சர் விட்ட இடத்தில் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு அவர் வாசித்ததைப் போல அவர் இனி வாசிப்பாரா என்பது சந்தேகம்தான். இவ்வளவு சிரமப்பட்டு வந்து சேர்ந்தவனுக்கு வாசிப்பைத் தவிர வேறு என்ன ஆறுதல்?

தோடியை எடுத்தபோது ஐந்து மணி. ஸ்பீக்கர்காரர் ஐந்து மணி வரைக்கும்தான் வாடகை பேசி வந்தவராம். அவருக்கும் யானைக்குப் பயம். டீச்சர் பாடப் பாட, அவர் ஒரு மூலையிலிருந்து வயரைச் சுருட்ட ஆரம்பித்தார். ஸ்பீக்கர் பெட்டிகள் ஒவ்வொன்றாக லாண்ட்மாஸ்டர் என்கிற கை உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏறின. கடைசியாக வந்து டீச்சர் முன்னால் இருந்த மைக்கைத் தயங்கித் தயங்கித் தொட்டார். டீச்சர் அதைத் தன் கையாலேயே தூக்கிக் கொடுத்தார். ராகம் நிற்கவில்லை.

குரல் இப்போது வெறுங்குரலாக இருந்தது. கடைசி வரிசையில் யாரோ எழும்பினார்கள். சரி, கலையப் போகிறார்கள் என்று நினைத்தேன். எழும்பியவர் தன் பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தார். பிறகு இன்னொருவர். பிறகு வரிசை வரிசையாக, கதிரைகள் தரையில் உரசுகிற சத்தம். டீச்சர் அந்தச் சத்தம் அடங்கும் வரை ஒரே ஸ்வரத்தில் நின்று காத்திருந்தார். பிறகு தொடர்ந்தார். எங்கள் விறாந்தையில் எத்தனையோ பேரின் வயிற்றில் தேங்காய் வைத்துச் சொல்லிக்கொடுத்த மூச்சு எது என்று எனக்கு அன்று விளங்கியது. வளவின் வேலிக்கு வெளியே சைக்கிளில் சாய்ந்து நின்றவர்களுக்கும் ஒவ்வொரு எழுத்தும் கேட்டது.

மங்களம் பாடி முடித்தபோது மேற்கே வானம் சிவந்திருந்தது. பிரதம அதிதி மேடையேறி, கையிலிருந்த தாள்களை ஒருமுறை பார்த்து, மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

“எல்லாரும் கவனமா வீட்ட போங்க” என்றார்.

அவர் அரசியல் வாழ்க்கையிலேயே சிறந்த உரை அதுதான் என்று இன்றைக்கும் பேசிக்கொள்கிறார்கள். அன்று யானை இறங்கியதாகவும், நெல்லைத் தொடாமல் வட்டை ஓரத்தில் நின்று தோடியைக் கேட்டுவிட்டுத் திரும்பியதாகவும் ஒரு கதை உண்டு. பார்த்தவர் என்று ஒருவரையும் நான் சந்திக்கவில்லை.

திரும்பி வரும்போது பாதைக்காரர் எங்களுக்காகக் காத்திருந்தார். பாதை வாவியின் நடுவுக்கு வந்திருந்தது. வயலின் தம்பி தன்னை ஏமாற்றிய அந்தப் பாதையின் பலகைகளைக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் கம்பியைப் பிடித்தபடி தண்ணீரைப் பார்த்து நின்றார். தன் பாட்டைப் பற்றி அவர் ஒருநாளும் யாரிடமும் அபிப்பிராயம் கேட்டதில்லை. கேட்க வேண்டிய தேவை அவருக்கு இருந்ததாக நான் நினைத்ததும் இல்லை.

“காணுமா மனே?” என்றார் திடீரென்று.

போதுமா என்று அர்த்தம். சோறு போடுகிறவர்கள் அகப்பையோடு நின்று கேட்பார்களே, அந்தக் கேள்வி. மூன்று மணித்தியாலத்துக்கு மேல் பாடியதில் குரல் கம்மிப் போயிருந்தது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

“காணாது டீச்சர்” என்றேன்.

அவர் தலையை மெல்ல ஆட்டிவிட்டுத் திரும்பவும் தண்ணீரைப் பார்த்தார். சங்கீதத்தைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாத நான் என் வாழ்நாளில் சொன்ன ஒரே விமர்சனம் அது. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.